ரீடரில் இருந்த கார்டு

அடையாறில் ஒரு சின்ன கம்பெனி. வேலைக்கு விண்ணப்பித்தவர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்பதற்குப் பதிலாக, ஆளுக்கொரு போர்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சீட்டுக்கட்டு அளவில் பச்சையாக ஒரு பலகை. நடுவில் கறுப்பாக ஒரு சிப், ஓரத்தில் மெமரி கார்டு செருக ஓர் இடுக்கு, கரண்டு கொடுக்க ஓர் ஓட்டை. உள்ளே ஒன்றும் கிடையாது. அது எழுந்து நடமாடத் தேவையான லினக்ஸ் இயங்குதளத்தை நானே மூல நிரலிலிருந்து கட்டி, ஒரே கோப்பாக்கி, கார்டில் எழுதி, பத்து நாளில் கொண்டுபோய் ஓடவைத்துக் காட்ட வேண்டும். ஓடினால் வேலை.

கட்டுவது என்றால் கம்ப்யூட்டருக்கு அது நிஜமாகவே சித்தாள் வேலை. ஆயிரக்கணக்கான கோப்புகளை இணையத்திலிருந்து இறக்கி, ஒவ்வொன்றையும் அந்தச் சிப்புக்குப் புரிகிற மாதிரி மாற்றி அடுக்கிக்கொண்டே போகும். பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு பகல் முழுக்க முக்கி முனகி, பாதியில் அப்படியே நின்றுவிட்டது. தொட்டுப் பார்த்தால் தோசைக்கல்.

சாந்தோமில் ஒரு போட்டோ ஸ்டுடியோ உண்டு. பிளஸ் டூ முடித்த விடுமுறையிலிருந்தே ஆல்பம் டிசைன் பண்ணவும் பாஸ்போர்ட் போட்டோ வெட்டவும் அங்கே போய்வருவேன். அதை நடத்துகிறவரை வட்டாரத்தில் எல்லோரும் அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்டுடியோவுக்கு எதிரில் இருக்கும் சர்ச்சின் பங்கு மக்களில் பாதிப் பேருக்கு ஞானஸ்நானத்திலிருந்து கல்யாணம் வரைக்கும் படம் எடுத்தவர். வீடியோ எடிட் பண்ணுவதற்காக நல்ல கம்ப்யூட்டராக ஒன்று வைத்திருந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டேன். அதில்தான் தன் படமெல்லாம் இருக்கிறது, ஒன்றும் ஆகிவிடாதே என்றார். ஆகாது, லினக்ஸைத் தனியாக ஒரு டிஸ்கில் வைத்து அதிலிருந்து ஓட்டிக்கொள்வேன், உங்கள் விண்டோஸைத் தொடவே மாட்டேன் என்று விளக்கினேன். பாதிதான் புரிந்திருக்கும்.

"நீ சொன்னா சரி தம்பி" என்றார்.

நீ சொன்னா சரி. இதைக் கேட்டே வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தது நான் ஒருத்தன்தான். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா பட்டினப்பாக்கத்தில் ரோட்டோரம் மீன் விற்கிறாள். ரேஷன் கார்டு மனு, மீன்பிடி தடைக்கால நிவாரணத்துக்கு ஃபாரம், பக்கத்து வீட்டு அக்காவுக்கு பேங்க் சலான் என்று ஆறாம் வகுப்பிலிருந்து எல்லாவற்றுக்கும் என் கையெழுத்துதான். நான் எழுதி நீட்டுவேன், அவர்கள் கைநாட்டு வைப்பார்கள். எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்த்ததே கிடையாது. ஒருமுறை ஃபாரத்தில் அப்பா பிறந்த வருஷத்தைத் தப்பாகப் போட்டுவிட்டேன். அந்த வருஷம் நிவாரணம் வரவில்லை. ஆபீசில் யாரோ ஏதோ பண்ணிவிட்டார்கள் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். எழுதியதைத் திருப்பிப் படிக்கிற பழக்கம் எனக்கு அப்போதும் வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் முதல் தடவையாகக் கார்டில் எழுதினேன். எழுதும் கட்டளைக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். எதை எழுத வேண்டும், எதன் மேல் எழுத வேண்டும். இந்த 'எதன் மேல்' என்பதற்குக் கம்ப்யூட்டர் ஒரு பெயர் வைத்திருக்கும். முதலில் செருகின கார்டுக்கு ஒரு பெயர், அடுத்துச் செருகினதற்கு அடுத்த பெயர். இரண்டுக்கும் கடைசி எழுத்து மட்டும்தான் மாறும். அந்தக் கட்டளை, நிஜமாகவே எழுதட்டுமா என்றெல்லாம் கேட்காது. சொன்ன இடத்தில், ஆரம்பத்திலிருந்து, அங்கே என்ன இருந்தாலும் அதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும். போர்டு பாதி தூரம் எழுந்து, ஒரு பிழையைக் காட்டி நின்றது. எங்கே தப்பு என்று கண்டுபிடித்துத் திருத்தி, திரும்பவும் கட்டச் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரை அணைக்காமல் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பங்கில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை. பூசையில் நற்கருணை அப்பத்தை முதல்முதலாக வாங்குகிற நாள். பெண் பிள்ளைகள் வெள்ளை கவுனும் தலையில் பூ வளையமுமாக, பையன்கள் வெள்ளை முழுக்கை சட்டையில். அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரேம் போட்டு ஹாலில் மாட்டுவார்கள். பிள்ளைக்குக் கல்யாணமாகிப் போன பிறகும் அது அங்கேயே இருக்கும். கோயிலுக்குள் ஆளாளுக்குப் போனைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டாம், அங்கிள் ஒருத்தர் எடுத்தால் போதும் என்று ஃபாதர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். பெற்றோர்களும் போனை வீட்டில் வைத்துவிட்டோ பையில் போட்டுவிட்டோ வந்திருந்தார்கள்.

பூசைக்கு முன்னால் கோயில் வளாகத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் அப்பா அம்மாவோடு நிறுத்தி எடுத்து முடித்ததும், அங்கிள் வேகமாக ஸ்டுடியோவுக்கு வந்தார். நான் காலையிலேயே வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பூசைக்கு வேறு கார்டு போட்டுக்கொள்வது அவர் வழக்கம். எடுத்த கார்டை அந்த நிமிஷமே காப்பி பண்ணிவிடுவதும் வழக்கம்தான். ஆனால் அன்றைக்குத் திரை முழுக்க என் வேலை கிடந்தது. ஒரு கணம் என் பின்னால் நின்று பார்த்தார். பிறகு தன்னுடைய மெமரி கார்டு ரீடரில் கார்டைச் செருகிவிட்டு, "நீ முடிச்சிட்டு இதக் காப்பி பண்ணிடு தம்பி. அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். சரி அங்கிள் என்றேன். தலையைத் திருப்பாமல் சொன்னேன்.

கோயிலில் மணி அடித்தது. என் கார்டை என் ரீடரில் போட்டேன். நேற்றைய கட்டளை வேண்டுமென்றால் மேல் அம்புக்குறியை ஒரு தட்டுத் தட்டினால் போதும், அப்படியே வந்து நிற்கும். வந்து நின்றது. படிக்கவில்லை. என்டர் தட்டினேன்.

இரண்டு நிமிஷத்தில் எழுதி முடித்தது. கார்டை எடுத்துப் போர்டில் போட்டால், நேற்று வந்த அதே பிழை. திரும்பவும் எடுத்துப் பார்த்தேன். நேற்று எழுதினதுதான் இருந்தது. இன்றைக்கு எழுதினது எங்கே போயிற்று என்று, ஒரு பொருளைக் காணாமல் தேடுகிறவன் மாதிரி, அப்போதுதான் பட்டியலைத் திறந்து பார்த்தேன். நேற்று என் கார்டுக்கு இருந்த பெயர் இன்றைக்கு அங்கிளின் கார்டுக்குப் போயிருந்தது. அவருடையதுதான் முதலில் செருகினது.

 அடுத்து என்ன செய்தேன் என்பதை எழுத வேண்டும். கோயில் எதிரில்தான். ரோட்டைத் தாண்டினால் போதும். பூசை அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. போய் அங்கிளின் காதில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பூசை முடிந்ததும் அதே பிள்ளைகளை, அதே உடுப்பில், அதே அப்பா அம்மாவோடு நிறுத்தித் திரும்ப எடுத்திருப்பார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைசி எழுத்தை மாற்றி, இந்தத் தடவை மூன்று முறை படித்துப் பார்த்து, என் கார்டில் எழுதினேன். போர்டில் செருகினேன். கறுப்புத் திரையில் வரிவரியாக ஓடி, கடைசியில் உள்ளே வர என் பெயரைக் கேட்டுக்கொண்டு நின்றது; போர்டு எழுந்துவிட்டது. சந்தோஷப்பட்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். அங்கிளின் ரீடரில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பதினோரு மணிவாக்கில் அங்கிள் வியர்த்து வந்து, காப்பி ஆகிவிட்டதா என்று கேட்டார்.

"கார்டு ஓப்பன் ஆகல அங்கிள்" என்றேன்.

அந்தச் சொல்லில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. அவர் வரும்வரை அப்படி ஒரு வாக்கியத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இருபத்துநான்கு பிள்ளைகள் என்று மட்டும் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், அழிந்த படங்களைத் தேடி எடுக்கிற மென்பொருள் இருக்கிறது, முயற்சி பண்ணிப் பார்க்கிறேன் என்றேன். எனக்குத் தெரியும், நான் எழுதியது ஒரு ஜிபி அளவுதான். அதன் அடியில் மாட்டினது போனது போனதுதான். அதற்கப்பால் இருப்பதெல்லாம் வரும். சாயங்காலம் வரை ஓடியது. ஒவ்வொரு முகமாகத் திரையில் வர வர அங்கிள் பெயர் சொல்லி எண்ணினார். பதினைந்து பிள்ளைகள் வந்தார்கள். முதலில் எடுத்த ஒன்பது பேர் வரவில்லை.

அவர் மனைவி மாடியிலிருந்து பிரியாணி கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். கம்ப்யூட்டர் டாக்டர் சாப்பிடட்டும் என்றார். சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

மறுநாள் அம்மா கூடையை இறக்கி வைக்கும்போதே சிரித்துக்கொண்டிருந்தாள். அங்கிள் காலையில் மீன் வாங்க வந்தாராம். உன் பிள்ளை மட்டும் இல்லையென்றால் நான் பங்கில் தலைகாட்ட முடியாது என்று நாலு பேர் நடுவில் சொன்னாராம். "நான் இன்னாவோ நெனச்சேன், பொட்டியத் தட்டிக்கினே கீறான், இன்னாத்துக்கு ஆவப்போறான்னு" என்று சொல்லி என் கன்னத்தைத் தடவினாள். கையில் வஞ்சிர வாசம். நான் பல் துலக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டேன். ஏற்கெனவே துலக்கியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அடையாறு. போர்டு முதல் தடவையிலேயே எழுந்தது. என் போர்டைச் சோதித்த மேடம் கேபிள், கோப்பு எல்லாவற்றையும் கிளறிவிட்டு, கட்டும்போது எங்கெல்லாம் தப்பு நடந்தது என்று கேட்டார். சனிக்கிழமைப் பிழையைப் பற்றி விரிவாகச் சொன்னேன். பிறகு அவர் சிரித்துக்கொண்டே, இந்த ஆபீசில் தப்பான டிஸ்கின் மேல் எழுதாதவர்களே கிடையாது, எழுதினவர் அன்று எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும், நீங்கள் எழுதினதுண்டா என்று கேட்டார்.

"இல்ல மேடம்" என்றேன். நானும் சிரித்தேன்.

வேலை கிடைத்தது.

அங்கிள் அந்த வாரம் ஒன்பது வீட்டுக்கும் தானே நேரில் போய், கார்டு கெட்டுப்போய்விட்டது, என் தப்பு, பழைய கார்டை மாற்றியிருக்க வேண்டும் என்று சொல்லி, சனிக்கிழமை பிள்ளைகளை அதே உடுப்பில் ஸ்டுடியோவுக்குக் கூட்டிவரச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போய், கார்டு விற்ற கடைக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தார். எனக்குத் தெரிந்து அங்கிள் குரல் உயர்த்தி யாரிடமும் பேசியதில்லை.  டூப்ளிகேட்டை விற்கிறாயா, நீ திருடனா என்று தெருவில் நாலு பேர் பார்க்கக் கேட்டுவிட்டாராம். கடைக்காரர் புதுக் கார்டை எடுத்துக் கொடுத்தாராம். அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் காட்டினார். நான் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தேன்.

சனிக்கிழமை எட்டுப் பிள்ளைகள் வந்து அப்பா அம்மாவோடு சிரித்துவிட்டுப் போனார்கள். ஒன்பதாவது ஒரு பெண் குழந்தை. அவளும் அம்மாவும் மட்டும் வந்தார்கள். அம்மா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், மிஸ் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அப்பா கப்பலில் வேலை பார்ப்பவர். புதுநன்மைக்காகவே லீவு கேட்டு வந்து, பூசை முடிந்த கையோடு ஏர்போர்ட்டுக்குக் கார் ஏறினவர். கிளம்பும் அவசரம் இருந்ததால் அவரையும் பெண்ணையும்தான் அங்கிள் முதல் ஆளாக எடுத்திருந்தார். எனக்கு அது அன்றுதான் தெரியும். பூசை முடிகிறவரை அந்த அப்பா எதிரில் கோயிலில்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் என் கார்டில் எழுதி, சரிபார்த்து, போர்டு எழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க.

அங்கிள் நீலத் திரைக்கு முன் குழந்தையைக் கொஞ்சம் வலது பக்கமாக நிற்கவைத்து, இடது பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டு எடுத்தார். அந்த இடத்தில் அப்பாவைப் பழைய படம் ஒன்றிலிருந்து வெட்டி ஒட்டிவிடலாம் என்பது யோசனை. ஒட்டுவது என் வேலை. மிஸ் கொண்டுவந்த படத்தை ஸ்கேன் பண்ணி, ஓரம் வெட்டி, குழந்தையின் பக்கத்தில் நிறுத்தினேன். அவள் என் நாற்காலியின் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

"எங்கப்பா அன்னிக்கு இந்தச் சட்ட போடல" என்றாள்.

கலரை மாற்றிவிடலாம் பாப்பா என்றார் அங்கிள்.

"அப்பா இப்படி நேரா நிக்கல. குனிஞ்சு என் பூவ சரி பண்ணிட்டிருந்தாரு. அப்பதான் நீங்க எடுத்தீங்க."

அங்கிள் சங்கடமாகச் சிரித்து என் தோளில் தட்டினார். "ஏம்பா, நீதான் டாக்டராச்சே. இவரக் கொஞ்சம் குனிய வெக்க முடியுமான்னு பாரு."

மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

"அங்கிள், கார்டு கெட்டுப்போகல. நான்தான் அது மேல எழுதிட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. எழுதுவதென்றால் என்ன என்பது போலப் பார்த்தார். மிஸ்ஸுக்குத்தான் முதலில் புரிந்தது.

"எப்போ?" என்றார்.

"பூசை ஆரம்பிச்சப்போ."

"ஆரம்பிச்சப்போவா."

  அங்கிள் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். "நான் அந்த மனுஷனத் திருடன்னு சொல்லிட்டு வந்திருக்கேன் தம்பி" என்றார். கோபமாகக்கூட இல்லை. எனக்கு ஏதோ தகவல் தெரிவிக்கிற மாதிரி சொன்னார்.

மிஸ் தன் போனை எடுத்து, வாட்ஸ்அப்பில் கணவரின் பெயரைத் திறந்து, என்னிடம் நீட்டினார். கப்பலில் சிக்னல் கிடையாது, கரைக்கு வரும்போது கேட்டுக்கொள்வார், நீயே சொல் என்றார். நான் மைக்கை அழுத்திக்கொண்டு நின்றேன். பேங்க் மேனேஜருக்கும் தாசில்தாருக்கும் ஊர் ஜனத்தின் சார்பில் எத்தனையோ மனு எழுதியிருக்கிறேன். 'ஐயா' என்று ஆரம்பித்தால் அடுத்த வரி தானாக வரும். அன்றைக்கு ஐயா என்று சொல்லி நின்றுபோனேன். இரண்டு தடவை அழித்தேன். மூன்றாவது தடவை, நான் ஸ்டுடியோவில் வேலை செய்கிறவன், உங்கள் படத்தை நான்தான் அழித்தேன், உடனே சொல்லியிருந்தால் திரும்ப எடுத்திருக்கலாம், சொல்லவில்லை என்று பேசி அனுப்பிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். மன்னிப்பு கேட்டேனா என்று நினைவில்லை.

"அண்ணா, அப்போ அந்தப் படம் வராதா?" என்று குழந்தை கேட்டாள்.

"வராது பாப்பா."

அதற்கடுத்த வாரம் ஓடியது என்பதை விட, என் மேல் ஏறி இறங்கியது என்று சொல்லலாம். திங்கட்கிழமை வேலைக்குச் சேரும் முன் காலையில் அங்கிளோடு ரிச்சி தெருவுக்குப் போனேன். கடை அப்போதுதான் திறந்திருந்தது. அங்கிள் புதுக் கார்டைக் கண்ணாடி மேசை மேல் வைத்துவிட்டு, தான் தப்பாகப் பேசிவிட்டதாகச் சொன்னார். நான்தான் காரணம் என்று நான் சொன்னேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். படித்த பையனா என்று அங்கிளிடம் கேட்டார். ஆமாம் என்றார் அங்கிள். அவ்வளவுதான். இரண்டு பேரும் டீ குடித்தார்கள். எனக்கும் ஒன்று வந்தது.

அம்மாவிடம் சொன்னபோது அவள் மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "அயிச்சிட்டன்னா அயிச்சிட்டன்னு அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா, வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த? நான் வேற அந்தாளுகிட்ட ஒரு கெளுத்தி சேத்துப் போட்டு, எம்புள்ளன்னு பேசிக்கினு இருந்தேன்" என்றாள். பிறகு, அப்பாவின் நிவாரண ஃபாரத்தைப் பற்றியும் சொன்னேன்.  சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கப்பலிலிருந்து பதில் வரவில்லை. கேட்டுவிட்டார், கேட்டதற்கு அடையாளம் வந்துவிட்டது என்று மட்டும் மிஸ் அங்கிளிடம் சொல்லியிருந்தார். ஆபீசில் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. அங்கே இது சிரிக்கிற கதை. நான் சொன்னாலும் சிரிப்பார்கள், பஜ்ஜி கேட்பார்கள். அந்தச் சிரிப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ள எனக்கு மனசு வரவில்லை.

அங்கிள் என்னை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். நான் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் அவர் எழுந்து வந்து ரீடரில் இருக்கும் கார்டை உருவி, சட்டைப் பையில் போட்டுப் பட்டனைப் போட்டுக்கொள்கிறார். வேண்டுமென்று செய்வதாகத் தெரியவில்லை. கை தானாகப் போகிறது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மிஸ் பிரேமுக்கு எந்தப் படத்தைச் சொன்னார் தெரியுமா. அந்த ஒட்டுப்படம் வேண்டாம் என்றுவிட்டார். குழந்தை மட்டும் வலது ஓரமாக நின்று, இடது பக்கம் வெறும் நீலமாக இருக்கிறதே, அதையே கேட்டார். ஓரத்தை வெட்டிக் குழந்தையை நடுவில் கொண்டுவந்து தரட்டுமா என்று அங்கிள் கேட்டதற்கு, வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார்.

பிரிண்ட் போட்டது நான். பிரேம் போட்டது அங்கிள். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா என்று முகவரியைக்கூடச் சொல்லாமல் என் கையில் வைத்தார். மூன்று தெரு தாண்டி மிஸ்ஸின் வீடு, எனக்குத் தெரிந்ததுதான். பூசை முடிந்து ஜனம் வெளியே வந்துகொண்டிருந்த நேரம். கண்ணாடிப் பக்கம் என் நெஞ்சில் படும்படி பிரேமைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, ஓரமாகவே நடந்தேன்.